துரைக்குச் சுகர்

வீடு பாக்கத்தானே வந்தீங்க? செருப்பை அங்கேயே விடுங்க. இல்லை இல்லை, மாடிப்படிக்குப் போகாதீங்க. முதல்ல இங்க வந்து உக்காருங்க. போர்டைப் பாத்ததும் நேரா மாடி ஏறிடறதா? கீழே ஒரு மனுஷன் உக்காந்திருக்கானே, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு வேண்டாமா? அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

பேரு என்ன சொன்னீங்க, அழகர்சாமியா? வேலை? கூரியர் ஆபீஸ்லயா. சரி, ஏதோ ஒரு வேலை. என் பேரு சங்கரபாண்டியன். பால் சொசைட்டியில இருந்து ரிட்டயர் ஆனவன். சும்மா பால் ஊத்தற ஆளுன்னு நினைச்சுடாதீங்க, நான் பாலைச் சோதிக்கிற ஆளு. கேனுக்குள்ள பால்மானியை விட்டேன்னா எவன் எவ்வளவு தண்ணி ஊத்தியிருக்கான்னு அவன் மூஞ்சியைப் பாக்காமலே சொல்லுவேன். தண்ணியை ஊத்திட்டு மானியை ஏமாத்தறதுக்குச் சீனியைப் போட்டுக் கொண்டாருவான் ஒருத்தன். இன்னொருத்தன் உப்பைப் போடுவான். கேட்டா எல்லாப் பயலும் ஒரே பாட்டுத்தான், ‘சத்தியமா ஒண்ணும் கலக்கலை சார்.’ காறித் துப்பலாம்போல இருக்கும். என்னை ஏமாத்தின ஆளு இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ல கிடையாது, பாத்துக்கிடுங்க.

மாடி காலியான்னு கேக்கறீங்க. காலி மாதிரிதான். இப்போதைக்கு என் சம்சாரம் இருக்கா மேல. சம்சாரமும் ஒரு பூனையும். என்ன முழிக்கிறீங்க? சண்டையா, கிண்டையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லை. பூனைக்கு உடம்பு சரியில்லை, அதுக்காக மாடிக்குப் போயிருக்கா. என்ன உடம்புக்குன்னு கேளுங்க. சுகர்! பூனைக்குச் சுகர், தம்பி. சிரிங்க, தாராளமா சிரிங்க. நானும் அப்படித்தான் சிரிச்சேன்.

பேரு துரை. நான் வைக்கலை, என் சம்சாரம் இந்திராணி வச்சது. தெருவுல காஞ்சுபோய்க் கிடந்த பய, ஒரு மழை நாள்ல அடுப்படி ஜன்னல்ல வந்து உக்காந்தான். இவ ஒரு மீன் தலையைத் தூக்கிப் போட்டா. அவ்வளவுதான், பட்டா வாங்கினவன் மாதிரி உள்ள வந்துட்டான். அப்புறம் கருத்தடை ஆபரேஷன் வேற பண்ணிக் கூட்டிட்டு வந்தா. அதுக்குப் பிறகு ஊதினான் பாருங்க, ரெண்டு கை வேணும் தூக்கறதுக்கு. ஒரு எலி பிடிச்சதில்லை. எலி வந்தா எந்திரிச்சு வழி விடுவான்.

போன ஐப்பசியில திடீர்னு தண்ணியாக் குடிக்க ஆரம்பிச்சான். அவன் கிண்ணம் பத்தாது, குளிக்கிற வாளியில தலையை விடுவான், செடிக்கு ஊத்தின தண்ணியை நக்குவான். வயிறு முட்டத் திங்கிறான், உடம்பு மட்டும் இளைக்குது. பின்னங்காலை மடிச்சுத் தரையில தேய்ச்சுக்கிட்டு நடக்கிறான். கொல்லையில சிமெண்டுத் தரையில ஒண்ணுக்குப் போனான்னா, செத்த நேரத்துல அந்த இடத்துல எறும்பு. நான்தான் முதல்ல சொன்னேன், ‘ஏ இந்திராணி, உன் துரைக்குச் சக்கரை வியாதி, பாத்துக்கோ’ன்னு. கேலிக்குத்தான். எனக்குச் சுகர் வந்தப்பவும் எறும்புதான் முதல்ல கண்டுபிடிச்சுது, அதை வச்சு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவ சிரிக்கலை. மறுநாளே கூடையில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டா. ஸ்கூட்டர் ஓட்டறது யாரு? நான்தான்.

டாக்டர் பெனிட்டான்னு ஒரு பொண்ணு. பள்ளிக்கூடம் முடிச்சு நேரா வந்த மாதிரி இருக்கும். காது ஓரத்துல ஒரு குத்து குத்தி, சொட்டு ரத்தம் எடுத்து மிஷின்ல வச்சுப் பாத்துட்டு, ஏதோ கலெக்டர் உத்தரவு மாதிரி சொல்லுது. சோறு கூடாது, பால் கூடாது, பிஸ்கட் கூடாது. வேக வச்ச கோழி, முட்டை, மீன், அதையும் தராசுல நிறுத்து வைக்கணும். காலையில ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி, இன்சுலின். முதல்ல சாப்பிடணும், அப்புறம்தான் ஊசி. சாப்பிடலைன்னா ஊசி போடாம போன் பண்ணணும். நான் கேட்டேன், ‘ஏம்மா, இது பூனையா இல்லை மந்திரியா?’ அதுக்கு அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, ‘சரியாப் பாத்துக்கிட்டா சில பூனைக்கு ஊசியே தேவைப்படாமப் போயிடும் சார்’னுச்சு. காதுல பூ சுத்தறதுக்கு ஒரு அளவு வேண்டாமா? எனக்குப் பன்னெண்டு வருஷமா சுகர். ஒரு மாத்திரை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. பூனைக்கு மட்டும் போயிடுமாம்.

அன்னைக்குப் பிடிச்சா பாருங்க இவ. ஏழு மணி அடிச்சா போதும், உலகம் நிக்கணும் எங்க வீட்டுல. தராசு என்ன, கிண்ணம் என்ன. துரை சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே குந்தி உக்காந்திருப்பா. கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிச்சு, அந்த ஊசியைப் போடுவா. ‘என் தங்கம், முடிஞ்சுபோச்சு, முடிஞ்சுபோச்சு’ன்னு கொஞ்சல். அந்தப் பயலும் அசையாம இருப்பான், நடிப்பு. காதுல குத்தினாக்கூட கண்ணை மூடிக்கிட்டுக் காட்டறான். இதைப் பாக்கறதுக்குப் பக்கத்து வீட்டு ஜெயசீலியும் அவ நாத்தனாரும் வந்து வாசல்ல நிப்பாங்க, என்னமோ சப்பரம் வருதுங்கற மாதிரி.

எனக்கு வயித்தெரிச்சல்னு நினைக்கிறீங்க. பூனைமேல எனக்கென்ன வயித்தெரிச்சல்? நியாயத்தைச் சொல்றேன். எனக்கும் சுகர்தானே? எனக்கு இப்படி யாராவது பக்கத்துல குந்தி உக்காந்தாங்களா? ஆரம்பத்துல செஞ்சா, இல்லைங்கலை. கேப்பைக் களி, கோதுமைச் சோறுன்னு அளந்து அளந்து வச்சா. நான் தட்டைத் தள்ளிவிட்டேன். பின்னே? ஒரு ஆம்பிளைக்கு அளந்து சோறு வைக்கிறதா? ஊசி போட்டுக்கணும்னு என் டாக்டர் சொன்னப்ப, அதுக்குன்னு ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போய், சாத்துக்குடிப் பழத்துல குத்திக் குத்திக் கத்துக்கிட்டு வந்தா. நான் கையை நீட்டலை. ஊசியைக் கொண்டு போய்க் குப்பையில போடுன்னேன். ரெண்டு தடவை சொன்னேன், மூணாவது தடவை அவ கேக்கவே இல்லை, விட்டுட்டா. விடலாமா? சொல்லுங்க. நான் வேண்டாம்னு சொன்னா விட்டுடறதா? பூனை வேண்டாம்னு கத்தினா விடுவாளா?

சரி, அதை விடுங்க. விஷயத்துக்கு வர்றேன். சாயங்காலம் நாலு மணிக்கு நான் டீ குடிப்பேன். அவ அந்த நேரம் பின்னாடி செடிக்குத் தண்ணி விடப் போயிருப்பா. டீயோட ஒரு துண்டு பால்கோவா. இந்த ஊர்ல பிறந்துட்டுப் பால்கோவா திங்காதேங்கறது என்ன நியாயம்? அதுவும் என்கிட்ட. எந்தக் கடையில எந்தப் பால், எவன் எவ்வளவு நேரம் சுண்ட வைக்கிறான், எவன் மைதாவைச் சேக்கறான், எல்லாம் எனக்குத் தெரியும். நாக்குல வச்சாச் சொல்லிடுவேன். அவளுக்குத் தெரிஞ்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. அதனால பேப்பர்ல மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருப்பேன். மாத்திரைதான் சாப்பிடறேனே, ஒரு துண்டுல என்ன ஆயிடும்?

துரை அந்த நேரம் கரெக்டா வந்து கால்கிட்ட உக்காருவான். இவ போட்ட கோழியெல்லாம் தின்னுட்டும், என் சட்டைப் பையையே பாப்பான். வாயைத் திறந்து கத்தமாட்டான், அதைச் சொல்லணும். விவரமான பய, கத்தினா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு தெரியும். ஒரு கிள்ளு குடுப்பேன். என் விரலை நக்கும்போது அந்த நாக்கு சொரசொரன்னு இருக்கும் பாருங்க. அப்புறம் ஒரு கிள்ளு. வியாதி வந்ததுங்கறதுக்காக ஒரு ஜீவன் நாக்குக்கு ருசியே இல்லாம வாழணுமா? அவளுக்குத் தெரியுமா அந்தக் கஷ்டம்? எனக்குத் தெரியும்.

ஊசி போட்டும் பூனைக்குச் சுகர் இறங்கலை. ஊசிக் குழாய்ல ஒரு கோடு அளவு மருந்து போட்டுக்கிட்டிருந்தா, டாக்டரம்மா ரெண்டு கோடு ஆக்கினாங்க. அப்பவும் இறங்கலை, மூணு. அப்பவும் முந்நூத்துக்கு மேலதான் நிக்குது. இதுதான் இவங்க வைத்தியம்! இந்திராணிக்கு ராத்தூக்கம் இல்லை. தீனியை எடை போடறது தப்பா, ஊசி போடறது தப்பான்னு தன்னையே திட்டிக்கிட்டா. அழுதா ஒரு நாளு. பூனைக்காக அழறா. எனக்குச் சிரிக்கறதா, திட்டறதான்னு தெரியலை.

மறுபடி கூட்டிக்கிட்டுப் போனோம். டாக்டர் பொண்ணு நேரா என்னைப் பாத்துக் கேக்குது, ‘வீட்டுல வேற யாராவது ஏதாவது குடுக்கறீங்களா சார்? பாலு, இனிப்பு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அதை வச்சுத்தான் ஊசி அளவு முடிவு பண்ணணும்.’ இன்னொரு தடவையும் கேட்டுச்சு. எப்படி இருக்கும் எனக்கு? முப்பத்தி நாலு வருஷம் ஊரையே நிக்கவச்சுக் கேள்வி கேட்டவன் நான். என்னை நிக்கவச்சு ஒரு சின்னப் பொண்ணு கேக்குது. ‘வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு, யாரும்மா குடுக்கப் போறா? ஒண்ணும் குடுக்கலை’ன்னேன். இந்திராணி உடனே, ‘அவர் பூனைகிட்டயே போகமாட்டார் டாக்டர்’னா. அப்படித்தான் அவ நினைச்சுக்கிட்டிருந்தா. நாலு கோடு ஆக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் எனக்குச் சாத்தூர்ல ஒரு கல்யாணம், தங்கச்சி பேத்திக்கு. முன்னாடி நாள் போய், ரெண்டு நாள் இருந்துட்டு வர்றதா ஏற்பாடு. பந்தியில உக்காந்திருக்கேன், போன் வருது. ஜெயசீலி பேசுது. துரை தள்ளாடித் தள்ளாடிச் சுவத்துல முட்டி விழுந்துட்டானாம். விழுந்தவன் கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குதாம், வாயில நுரையாம். இவ தேனை எடுத்து ஈறுல தேய்ச்சுக்கிட்டே ஆட்டோவுல ஓடியிருக்கா. சுகர் இறங்கி அடியில போயிடுச்சாம். சாகவேண்டியது, பிழைச்சதே பெரிசாம்.

யார் குத்தம் சொல்லுங்க? நாலு கோடு போடச் சொன்னது யாரு, நானா? படிச்சவங்கதானே போட்டாங்க? நான் ஜெயசீலிகிட்ட போன்லயே சத்தம் போட்டேன், ‘நான் வீட்டுல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது’ன்னு. நிசம்தானே? இருந்திருந்தா ஆகியிருக்காது.

இலையில பாதியிலயே எந்திரிச்சுட்டேன். பஸ் பிடிச்சு வந்து சேந்தேன். துரை பழைய போர்வையில படுத்திருக்கான், காலுல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு, குளுக்கோஸ் ஏத்தின இடம். கண்ணு உள்ள போயிருச்சு. எனக்கு... சரி, விடுங்க. பக்கத்துல போய் நின்னேன். அந்தக் கழுதை என்ன செஞ்சான் தெரியுமா? எந்திரிக்கவே சீவன் இல்லாதவன், தலையைத் தூக்கினான். தட்டுத்தடுமாறி வந்து என் வேட்டியைப் பிடிச்சு ஏறி, மூக்கை நேராக் கொண்டுவந்து சட்டைப் பையில விட்டான். விட்டுட்டு என் விரலை நக்கறான். அவ முன்னாடியே. காட்டிக் குடுத்துட்டான்.

இந்திராணி கத்துவான்னு பாத்தேன். கத்தினா நானும் கத்தியிருப்பேன், சமாளிச்சிருக்கலாம். அவ மெதுவா வந்து என் பையில கைய விட்டா. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில இருந்த லட்டுல பாதியை மடிச்சு வச்சிருந்தேன், அதை எடுத்துப் பாத்தா. ‘டாக்டர் ரெண்டு தடவை கேட்டாங்க, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க’ன்னா. ‘நான் ஒண்ணும் குடுக்கலை’ன்னேன். ‘நீங்க திங்கக் குடுத்ததை வச்சு நான் இதுக்கு ஊசியைக் கூட்டிப் போட்டிருக்கேன். நானே என் கையால போட்டிருக்கேன்’னா.  மேல குடியிருந்த வாத்தியார் மாத்தலாகிப் போய் மாடி சும்மாத்தான் கிடந்துச்சு. ஸ்டவ்வைத் தூக்கினா, பாயைத் தூக்கினா, துரையைத் தூக்கினா. ஏறிட்டா.

எனக்குச் சாப்பாடு? அதெல்லாம் வருது. காலையில ஏழு, ராத்திரி ஏழு, தூக்குவாளியில வந்து படியில உக்காந்திருக்கும். ரெண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் காய், ஒரு முட்டை. பூனைக்கு அளக்கிற அதே தராசுலதான் எனக்கும் அளக்கறா, எனக்குத் தெரியாதா? இப்பத் தள்ளிவிடறதுக்கு எதிர்ல ஆள் இல்லை. யார்கிட்ட தள்ளிவிடறது? தின்னு தொலைக்கிறேன்.

நீங்க ஏன் மேல போகலைன்னு கேப்பீங்க. நான் ஏன் போகணும்? என் வீட்டு மாடிக்கு நான் உத்தரவு கேக்கணுமா? ஜெயசீலிகிட்ட சொல்லிவிட்டிருக்கா, நான் டாக்டர் பொண்ணு முன்னாடி வந்து நின்னு, என்ன குடுத்தேன், எவ்வளவு குடுத்தேன், எத்தனை மாசம்னு என் வாயால சொல்லணுமாம். சொன்னாத்தான் துரைக்கு இனிமே என்ன அளவுன்னு நிம்மதியா முடிவு பண்ண முடியுமாம். சொல்லிட்டு, பை இல்லாத சட்டையோட மேல வரலாமாம். பை இல்லாத சட்டை! பனியனோட வரச் சொல்றா என்னை. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்னு ஜெயசீலி எனக்குப் புத்தி சொல்லுது, அவ புருஷன் பாலுல தண்ணி ஊத்தி என்கிட்ட மாட்டினவன், அந்த வீட்டுக்காரி எனக்குப் புத்தி சொல்றா.

அதான் போர்டு மாட்டினேன். மாடி வாடகைக்கு. வாடகைக்கு ஆள் வந்துட்டா இறங்கித்தானே ஆகணும்? நல்ல யோசனைதானே? ஆனா ஒரு சங்கடம். வர்றவன் ஒருத்தனும் சரியில்லை. உங்களுக்கு முன்னாடி ஒரு பேங்க்காரப் பையன் வந்தான், வேண்டாம்னுட்டேன். அதுக்கு முன்னாடி புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி, அவங்களும் வேண்டாம். ஆனா எல்லாரையும் மேல போய்ப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்புவேன். வீடு பாக்க வந்தவங்கன்னா கதவைத் திறப்பா, காபி குடுப்பா, மரியாதை தெரிஞ்சவ. இறங்கி வந்ததும் கேப்பேன், தண்ணிக் குழாய் பாத்தீங்களா, ஜன்னல் பாத்தீங்களா, பூனை இருந்துச்சா, என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சுன்னு. அந்தப் பேங்க்காரன் சொல்றான், ‘ஜன்னல்ல படுத்திருந்துச்சு சார், நல்லா மெலிஞ்சு அழகா இருக்கு. ஊசியைக்கூடக் குறைச்சாச்சாம், மேடம் சொன்னாங்க’ன்னு. மெலிஞ்சு அழகா இருக்காம்! மெலியாம என்ன செய்யும்? வாய்க்கு ருசியாக் குடுக்க ஆள் இல்லை, ஏக்கத்துல மெலியுது. ஊசியைக் குறைச்சதுல என்ன பெருமை? நாலு மணிக்கு எங்க போய் உக்காருவான், யார் காலைப் பாப்பான், அதைப் பாத்துச் சொல்ல ஒருத்தனுக்கும் துப்பில்லை.

நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க தம்பி. வாடகையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். உங்களுக்குத்தான்னு வச்சுக்கிடுங்களேன். பாத்தா நல்ல பிள்ளையாத் தெரியறீங்க. நின்னு நிதானமாப் பாருங்க. பின்னங்கால் நேரா ஊணி நடக்கிறானான்னு பாருங்க. ஜன்னல்ல உக்காந்திருந்தா தெருவைப் பாக்கறானா, கீழே இங்க பாக்கறானான்னு பாருங்க.

இந்தாங்க, இதைப் பிடிங்க. அட, பயப்படாதீங்க, பால்கோவாதான். காலையிலதான் வாங்கினேன், சுத்தமான பால், நான் உத்தரவாதம். அவ காபி போட அடுப்படிக்குப் போவா. அப்ப துரை உங்க பக்கம் வருவான், கைய மட்டும் கீழே நீட்டுங்க, மத்ததை அவன் பாத்துக்குவான். ஒரே ஒரு கிள்ளு, அதுல என்ன ஆயிடப்போகுது? என்ன யோசிக்கிறீங்க? பையில போடுங்க, போடுங்க.

நான் குடுத்துவிட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. துரைகிட்ட மட்டும் சொல்லுங்க.